சிறகு பொய்யில்லை, லகான்தான் பொய்

கார்ட்டூனில் குதிரையைக் கிளப்ப ஒரே ஒரு சாவிதான். சவாரி செய்பவர் லகான் இரண்டையும் தூக்கிக் கழுத்தில் படீரென்று உதறுவார், "ஹியா!" என்பார். அடுத்த நொடியே குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும். குதிரைச் சவாரி வகுப்பில் சேர வரும் பிள்ளைகள் முதல் நாள் செய்து காட்டுவதும் இதையேதான். பாடம் அங்கிருந்து பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

அந்த உதறல் வண்டிக்காரருடையது. ஜட்காவிலோ கோச் வண்டியிலோ ஓட்டுபவர் குதிரைக்குப் பின்னால் சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவர் கால் குதிரையைத் தொடாது. கையில் இருப்பது வார், சாட்டை, குரல், அவ்வளவுதான். முதுகில் இருப்பவருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கெண்டைக்கால் குதிரையின் விலாவைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. வயிற்று வாருக்குச் சற்றுப் பின்னால் இரண்டு காலாலும் லேசாக ஒரு அழுத்து அழுத்தினால் குதிரை நடக்கும். லகானை உதறினால் அந்த அதிர்ச்சி நேராக வாய்க்குள் போகிறது.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டும் போர்த்திய அந்த இடத்தில்தான் கடிவாள இரும்பு உட்கார்கிறது. "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று சொலவடை சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. வாயை மூடிக்கொள்ளும் குதிரைக்குக் கடிவாளம் மாட்ட, வாயோரத்தில் அந்தப் பல்லில்லாத இடத்தில் கட்டைவிரலை நுழைத்து மெல்ல அழுத்துவார்கள், வாய் திறக்கும். மாட்டிய பிறகு வாயோரத்தில் ஒன்றிரண்டு மடிப்பு விழுந்தால் அளவு சரி. மடிப்பே இல்லையென்றால் இரும்பு தொங்கிப் பல்லில் இடிக்கும். மூன்று, நான்கு விழுந்தால் குதிரை எந்நேரமும் இளித்துக்கொண்டு நிற்கும். எந்தக் கார்ட்டூனிலும் இது கிடையாது. பல தொடர்களில் கடிவாள இரும்பே இல்லாமல், தலைவாரும் அதிலிருந்து புறப்படும் லகானும் மட்டும் வரைந்திருப்பார்கள்.

சிறகு முளைத்த குதிரை, பேசும் குதிரை, நெற்றியில் கொம்பு வைத்த குதிரை எதிலும் தகராறு இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கும் அது கற்பனை என்று தெரியும். சிக்கல் எல்லாம் நிஜம் போலவே இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களில். குதிரையிடம் எந்தப் பக்கமிருந்து போவது, எங்கே தொடுவது, காது எதைச் சொல்கிறது, கை என்ன செய்கிறது என்பதையெல்லாம் பிள்ளை சந்தேகப்படாமல் எடுத்துக்கொள்கிறது. பழைய தொடர்களைத் தூசு தட்டிப் புதிதாக எடுக்கும் இந்தக் காலத்தில் சிறகுகள் பளபளப்பாகியிருக்கின்றன. சின்ன விஷயங்களோ பின்னுக்குப் போயிருக்கின்றன.

இதைப் பார்க்க நல்ல உதாரணம் ட்ரீம்வொர்க்ஸின் ஸ்பிரிட். 2002 படம், 2017 முதல் 2019 வரை நெட்பிளிக்ஸில் வந்த 'ஸ்பிரிட் ரைடிங் ஃப்ரீ' தொடர், 2021 படமான 'ஸ்பிரிட் அன்டேம்டு' மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே பெயர் கொண்ட குதிரை படிப்படியாக எப்படி மாறியது என்று தெரியும்.

2002 படத்தில் குதிரை பேசாது. நடிகர் மேட் டேமனின் குரல் கதையைச் சொல்கிறது. ஆனால் எந்தக் குதிரையின் வாயும் மனிதர் போல அசைவதில்லை. ஸ்பிரிட்டுக்கு முன்மாதிரியாக இருந்தது டானர் என்ற நிஜக் குதிரை. ஓரிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் காட்டில் திரியும் கைகர் முஸ்டாங் இனம். ஜேம்ஸ் பாக்ஸ்டர் தலைமையில் வரைந்தவர்கள் ஒவ்வொரு மூட்டையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்பது குதிகால். குதிரை நிற்பதே ஒவ்வொரு காலிலும் ஒற்றை நடுவிரலின் நுனியில்தான். இது தெரியாமல் வரைந்தால் பின்னங்கால் மனிதர் கால் போல முன்பக்கம் மடங்கி, குதிரை வேடம் போட்ட இரண்டு பேர் நடப்பது போல ஆகிவிடும். படத்தில் அந்தத் தவறு இல்லை. தோள் தசை உருளுவதைக்கூட வரைந்திருக்கிறார்கள்.

அதற்காகப் படம் முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. குதிரைகளுக்குப் புருவம் இருக்கிறது! நிஜக் குதிரைக்குப் புருவ மயிர் கிடையாது. கண்ணுக்கு மேல் ஒரு மடிப்பு மட்டும்தான், கவலையில் அது கொஞ்சம் சுருங்கும். கண்ணைச் சுற்றி எந்நேரமும் வெள்ளை தெரிகிறது. அப்பலூசா போன்ற சில இனங்களை விட்டுவிட்டால், குதிரைக்குக் கண்வெள்ளை தெரிவது பெரும்பாலும் மிரண்டு போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். மந்தை வாழ்க்கையிலும் ஒரு பெரிய சறுக்கல். ஸ்பிரிட் பிறந்த மந்தையிலேயே வளர்ந்து அதற்கே தலைவனாகிறான், தாயும் அதே மந்தையில் இருக்கிறாள். காட்டுக் குதிரைகளில் ஆண் குட்டி இரண்டு மூன்று வயதானால் மந்தையை விட்டுப் போய்விடும், இல்லையென்றால் விரட்டப்படும். பிறகு சில ஆண்டுகள் மற்ற இளவட்டங்களோடு சுற்றித் திரிந்து, அப்புறம்தான் சொந்தக் கூட்டம்.

ஆனாலும் அந்தப் படத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. ராணுவ முகாமில் ஸ்பிரிட் மேல் ஆள் மாற்றி ஆள் ஏறிப் பார்த்து, பிறகு கம்பத்தில் கட்டி, மூன்று நாள் தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் போட்டுப் பணியவைக்கப் பார்க்கிறார்கள். 'குதிரையை உடைப்பது' என்று அமெரிக்க மேற்கில் சொன்னது இதைத்தான். பழக்கப்படாத குதிரைக்கு முதுகில் ஏறும் எடை எதுவாக இருந்தாலும் அது சிறுத்தையின் எடைதான் என்பதைப் படம் விழுங்காமல் காட்டியது.

2017 தொடருக்கு வந்தால் கதையின் மையம் லக்கி என்ற சிறுமி. இந்த ஸ்பிரிட் பழைய ஸ்பிரிட்டின் மகன். தோழிகள் ப்ரூவுக்கும் அபிகேலுக்கும் சேணம் பூட்டிய குதிரைகள். ப்ரூவினுடையது சிக்கா லிண்டா என்ற பொன்னிறப் பெண் குதிரை, அபிகேலினுடையது பூமராங் என்ற பழுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரை. லக்கி மட்டும் சேணம், கடிவாளம், லகான் ஒன்றும் இல்லாமல் வெற்று முதுகில் போகிறாள். யாரையும் ஏறவிடாத காட்டுக் குதிரை அவளை மட்டும் ஏறவிடுகிறது, அதுவும் சில நாளில்.

அமெரிக்காவில் காட்டு முஸ்டாங்கைப் பழக்கும் போட்டிகளில் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் அவகாசம் ஏறக்குறைய 100 நாள். அதுவும் கைதேர்ந்தவர்களுக்கு. முதல் சில நாள் வேலி ஓரமாக நிற்பதிலேயே போய்விடும். குதிரை ஒரு காதை நம் பக்கம் திருப்பினால் அன்றைய வேலை முடிந்தது, வெளியே வந்துவிட வேண்டும். அதன்பின் கழுத்தில் கை, பிடரி அடியில் சொறிதல், தலைக்கயிறு, காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டப் பழக்குவது, முதுகில் துணி, வெறும் சேணம், வயிற்றோடு குறுக்கே சாய்ந்து பாதி எடை. கால் போட்டு உட்காருவது கடைசியில். இதில் எந்தப் படியைத் தாண்டினாலும் குதிரை அதை வேறொரு நாள் வட்டியோடு வசூலிக்கும்.

இன்னொரு விஷயம் சிறுவர் தொடரில் சொல்லக் கூச்சப்படுவது, ஆனால் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிட் காயடிக்காத ஆண் குதிரை. பக்கத்திலேயே பெண் குதிரை. இரண்டின் மேலும் சின்னப் பிள்ளைகள். எந்தச் சவாரிப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் காயடித்த குதிரையோ அமைதியான பெண் குதிரையோதான் கொடுப்பார்கள். பருவத்துக்கு வந்த பெண் குதிரையின் வாடை பட்டால் ஆண் குதிரை முதுகில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது.

வெற்று முதுகுச் சவாரிக்குக் கதையில் ஒரு நியாயம் உண்டு: சுதந்திரமான குதிரை, கட்டாத நட்பு. பட்டறையிலும் அது வேலையை மிச்சப்படுத்தும். கணினியில் உருவாக்கும் அனிமேஷனில் லகான் ஒரு தலைவலி. ஒரு முனை குதிரையின் வாயில், மறுமுனை பிள்ளையின் விரலிடுக்கில். இரண்டும் தனித்தனியாக ஆடும், நடுவில் தொங்கும் வார் கழுத்துக்குள் புகாமல், பிடரி மயிரில் சிக்காமல் ஒவ்வொரு காட்சியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் வைக்கும் அங்கவடி அதற்கு மேல். இதையெல்லாம் கழற்றிவிட்டால் மிச்சம் ஒரு சிறுமி, ஒரு குதிரை, இரண்டும் ஒட்டும் ஒரே இடம்.

நிஜத்தில் அந்த ஒரே இடம்தான் பிரச்சினை. சேணத்தின் வேலை உட்காருபவரின் எடையை முதுகெலும்பின் இரு பக்கத் தசையிலும் பரப்பிக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் நம் இரண்டு உட்காரெலும்பும் ஒரே இடத்தில் குத்தும். வகுப்புகளிலும் வெற்று முதுகில் உட்கார வைப்பார்கள், சமநிலை பழக அது நல்ல வழி. ஆனால் பயிற்சியாளர் கையில் நீளக் கயிறு இருக்கும், குதிரை வட்டத்தில் நடக்கும், தலையில் ஹெல்மெட் இருக்கும். ஏறுவதற்குப் படிக்கல். கைகர் குதிரையின் தோள் உயரம் சராசரியாக 145 சென்டிமீட்டர் என்று வைத்தால், 12 வயதுப் பிள்ளைக்குக் குதிரையின் முதுகு கிட்டத்தட்டத் தன் கண் மட்டத்தில் இருக்கும். ஓடும் குதிரையில் ஓடிப்போய் ஒரே எட்டில் தாவி ஏறுவது சர்க்கஸ்காரர்கள் வருடக்கணக்கில் பழகிச் செய்வது.

குதிரை ஓடும் விதத்துக்கு வருவோம். 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைகளை எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்தார். அதுவரை ஓவியர்கள் பாயும் குதிரையை முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, பறப்பது போல வரைந்துகொண்டிருந்தார்கள். படங்களில் தெரிந்தது நேர்மாறாக இருந்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மை, ஆனால் அந்த நேரம் கால்கள் வயிற்றுக்கடியில் கூடிக் கிடக்கின்றன. 147 வருஷமாவது ஆகிவிட்டது. சிறுவர் தொடர்களின் முகப்புப் படங்களில் இன்னமும் அந்தப் பழைய ஓவியக் குதிரைதான் பறக்கிறது.

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. திரையில் விநாடிக்கு 24 பிரேம். வேகமாகப் பாயும் குதிரை விநாடிக்கு இரண்டேகால் முறை போலத் தன் காலடிச் சுற்றை முடிக்கும். ஆக ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 10 அல்லது 11 பிரேம். கையால் வரையும் தொலைக்காட்சி வேலையில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். கையில் மிஞ்சுவது ஐந்து படம். அந்த ஐந்துக்குள் பின்னிடது, பின்வலது, முன்னிடது, முன்வலது என்று நாலு குளம்பும் தனித்தனியாகத் தரை தொட்டு, ஐந்தாவதில் எல்லாம் காற்றில் கூட வேண்டும். ஒரு படம் பிசகினாலும் கால்கள் தந்தியடிக்கும். அதனால் முன்னங்கால் இரண்டையும் ஜோடியாகவும் பின்னங்கால் இரண்டையும் ஜோடியாகவும் போட்டுவிடுகிறார்கள். அது அணிலின் ஓட்டம். குதிரை அப்படி ஓடுவதில்லை.

ட்ராட் எனப்படும் துள்ளுநடையில் நடக்கும் தவறு இன்னும் நுணுக்கமானது. இதில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடி சேர்ந்து தரையில் விழும், டக் டக் என்று இரண்டே தாளம். நடையிலும், பாய்ச்சலைவிடச் சற்று மெதுவான கேண்டர் ஓட்டத்திலும் குதிரையின் தலை மேலும் கீழும் ஆடும், ட்ராட்டில் ஆடாது. கார்ட்டூனில் உயிரோட்டத்துக்காக எல்லா நடைக்கும் தலையை ஆட்டி வைப்பார்கள். கால்நடை மருத்துவர் பார்த்தால் "எந்தக் கால் நொண்டுது?" என்றுதான் கேட்பார். முன்னங்கால் வலிக்கும் குதிரை ட்ராட் போகும்போது நல்ல கால் விழுகையில் தலையைத் தாழ்த்தும், வலிக்கிற கால் விழுகையில் உயர்த்தும். நொண்டலைக் கண்டுபிடிக்க அவர்கள் குதிரையை ட்ராட் ஓடவிட்டுப் பார்ப்பதே இதற்காகத்தான்.

மற்ற மறு உருவாக்கங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஷீராவின் குதிரை 1985 தொடரில் ஸ்பிரிட் என்ற சாதாரணக் குதிரை, அவள் வாளை உயர்த்தினால் சிறகும் கொம்பும் முளைத்து ஸ்விஃப்ட் விண்ட் ஆகும். 2018இல் வந்த புதிய தொடரில் அதே குதிரை தற்செயலாக மாறிப் பேசத் தொடங்கி, மற்ற குதிரைகளின் விடுதலை பற்றியும் முழங்குகிறது. நல்ல நகைச்சுவை. சிறகு முளைப்பது தோளிலா விலாவிலா, சவாரி செய்பவரின் முழங்காலுக்கு இடம் எங்கே என்றெல்லாம் கேட்பது வீண். 2010இல் லாரன் ஃபாஸ்ட் புதுப்பித்த 'மை லிட்டில் போனி'யோ குதிரையைப் பற்றியதே இல்லை. அங்கே குளம்பால் கோப்பையைப் பிடிக்கிறார்கள், நாய் போல உட்காருகிறார்கள். குதிரை வடிவில் ஆறு தோழிகளின் கதை அது. அதனாலேயே அது யாரையும் ஏமாற்றவில்லை. 2010 'டேங்கிள்ட்' படத்து மேக்ஸிமஸ் மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிப்பதும் அப்படித்தான். குதிரைத் தோல் போர்த்திய போலீஸ் நாய், சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாதது பின்னங்காலில் எழுந்து நிற்பது. குதிரை முன்னங்காலை உயர்த்தி நிற்க, நாயகி லகானைப் பிடித்து நிமிர்ந்து கையசைக்க, பின்னால் சூரியன். எல்லாத் தொடரிலும் இது வெற்றிச் சின்னம். நிஜத்தில் அது பயம், வலி அல்லது முரண்டு. அந்த நேரம் லகானை இழுத்தால் 450 கிலோ அப்படியே மல்லாக்கச் சாயும், அடியில் நாம். செய்யவேண்டியது தலைகீழ்: உடலை முன்னே சாய்த்து, கையைக் கழுத்தை ஒட்டிக் கொண்டுபோய், லகானைத் தளர்த்த வேண்டும். குளம்பு தரையைத் தொட்டதும் நிற்கவிடாமல் முன்னே நடத்த வேண்டும்.

தாண்டுதலும் இதே வகை. 2002 படத்தின் உச்சக்காட்சியில் ஸ்பிரிட் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கையே தாண்டுகிறான். பதிவான குதிரைத் தாண்டுதலில் நீளச் சாதனை 8.40 மீட்டர், 1975இல் ஜோஹன்னஸ்பர்கில் சம்திங் என்ற குதிரை தண்ணீர்த் தொட்டிக்கு மேல் தாண்டியது. உயரச் சாதனை 2.47 மீட்டர், 1949இல் சிலி நாட்டின் வாசோ. அது இன்றைக்கும் முறியவில்லை. பள்ளத்தாக்கு மிகை, இருந்துவிட்டுப் போகட்டும். தாண்டும்போது சவாரி செய்பவர் பின்னால் சாய்ந்து லகானை இழுத்துப் பிடிப்பதாகப் பல தொடர்களில் காட்டுகிறார்களே, அதைத்தான் திருத்த வேண்டும். எழும்பும்போது குதிரைக்குக் கழுத்தை நீட்ட இடம் வேண்டும். இடுப்பில் மடங்கி, கை இரண்டும் கழுத்தோடு முன்னே போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் குதிரை நடுவானில் வாயில் அடி வாங்கும், அடுத்த தடையின் முன்னால் நின்றுவிடும்.

பாசக் காட்சிக்கும் ஒரு வார்த்தை. நெற்றியோடு நெற்றி முட்டிக் கண்ணை மூடிக்கொள்வது எல்லாக் கார்ட்டூனிலும் உண்டு. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை தெரியும். தெரியாத இரண்டு இடங்களில் ஒன்று வாலுக்கு நேர் பின்னால், இன்னொன்று நெற்றிக்கு நேர் முன்னால். அங்கே முகத்தை வைத்தால், ஈ மொய்த்துக் குதிரை தலையை ஒரு உதறு உதறினாலே மூக்கெலும்பு உடையும். பெயர் சொல்லிக்கொண்டே தோள் பக்கமாகச் சாய்வாக நடந்து போய், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் விரலால் சொறிந்துவிட வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று கொஞ்சுவது அந்த இடத்தில்தான், அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்கும். ஆப்பிள் கொடுத்தால் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைக்க வேண்டும். கேரட் என்றால் நீளவாக்கில் நறுக்க வேண்டும். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். நாள் முழுக்க ஆப்பிளே தின்னும் கார்ட்டூன் குதிரைக்கு வயிற்று வலி வராததுதான் மாயம். 450 கிலோ குதிரைக்கு முதல் தேவை தினம் ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த புல், முப்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீர். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தப்பாகத் தின்றது உள்ளேதான் நிற்கும்.

கடைசியாகச் சத்தம். பிற மொழிக்கு டப்பிங் செய்யும்போது வசனம் மட்டும்தான் மாறும். இசையும் ஒலிகளும் தனித் தடத்தில் அப்படியே வரும். ஆகவே தமிழில் பார்த்தாலும் அமெரிக்கக் கனைப்புதான், கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டி எடுத்த அதே குளம்படிதான். அந்தக் கொட்டாங்குச்சிச் சத்தம் கல் தளத்துக்கு ரொம்பப் பொருத்தம். புல்வெளியில் ஓடும்போதும் அதையே போட்டால் பூமிக்கடியில் சிமெண்ட் இருப்பது போலக் கேட்கும். தொடர்களில் குதிரை திரும்பினால் கனைப்பு, நின்றால் கனைப்பு, நாயகி சிரித்தால் கனைப்பு. நிஜக் குதிரை கனைப்பது பெரும்பாலும் பிரிந்த துணையைத் தேடி, இல்லையென்றால் தீனி வண்டியைப் பார்த்து. நாலுகால் பாய்ச்சலில் அது கனைப்பது அபூர்வம். களைத்த குதிரை நாக்கைத் தொங்கப்போட்டு வாயால் மூச்சு வாங்குவதாகவும் காட்டுகிறார்கள், குதிரையால் மூக்கு வழியாக மட்டுமே மூச்சு விட முடியும். பாயும் குதிரையின் மூச்சு காலோடு பூட்டியது. கால்கள் காற்றில் கூடும்போது உள்ளே, முன்னங்கால் தரையில் எடை தாங்கும்போது வெளியே, ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. பக்கத்தில் நின்றால் குளம்புச் சத்தத்துக்கு முன்னால் காதில் விழுவது அந்த மூக்குச் சத்தம்தான்: விநாடிக்கு இரண்டு முறை, துருத்தி ஊதுவது போல, ஹுஃப், ஹுஃப், ஹுஃப்.